கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க

தொலைபேசி இல்லாத வீட்டுக்கும் ஒரு தொலைபேசி எண் இருந்த காலம் அது. கல்யாணப் பத்திரிகையிலும் கடை பில்லிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருப்பார்கள். தெருவில் போன் வைத்திருக்கும் வாத்தியார் வீடோ, அரிசி மண்டியோ, மருந்துக்கடையோ அந்த எண்ணுக்குச் சொந்தக்காரராக இருக்கும். “மூணாவது வீட்டு டெய்லர் அக்காவைக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசுதேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எடுத்தவர் வீட்டுப் பையனை ஓடச் சொல்வார். தென்காசியில் என் சிறுவயதில் பாதி அப்படி ஓடியே போயிற்று. பிறகு 1989-இல் பட்டப்படிப்பை முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அண்ணாச்சி ஒருவர் நடத்திய எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்தேன்.

போன் வந்து பிள்ளைகளின் மூளை மழுங்கிவிட்டது, நாலு பேரிடம் பேசத் தெரியாமல் போய்விட்டது என்கிற பேச்சைப் பந்தியிலும் ரயில் பெட்டியிலும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் அந்த பூத்து என் கண் முன்னால் வரும். அதுவும் போன்தான். அன்றைக்கு எங்கள் ஊரில் அதைவிடப் புதிய கருவி கிடையாது. ஆனால் மனிதர்களோடு எப்படிப் பேசுவது, பேசும் முன் எப்படி யோசிப்பது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் கருவியும் அதைச் சுற்றி நின்ற கூட்டமும்தான். ஒரே கருவி அன்றைக்கு ஒன்றையும் இன்றைக்கு வேறொன்றையும் எப்படிச் செய்கிறது என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

எங்களுக்கு முந்தைய தலைமுறை வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்தது. சாதாரணம், அர்ஜன்ட், லைட்னிங் என்று அவசரம் கூடக் கூடக் காசும் கூடும். 1984-இல் சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, குளிர்சாதனம் இல்லாமல் நம் வெயிலிலும் புழுதியிலும் ஓடக்கூடிய சிறிய எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது முதலில் வைக்கப்பட்டது. அதையொட்டிய வருஷங்களில்தான் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தோடு ஊர் ஊராக பூத்துகள் முளைத்தன. அவற்றை ஒதுக்குவதில் உடல் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை இருந்தது. எங்கள் அண்ணாச்சிக்கு இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. அதுவரை தமையன் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர், பூத்து கிடைத்த பிறகு ஊருக்கு நடுவில் உட்கார்ந்தார். தொழில்நுட்பத்தைப் பழித்துப் பேச எனக்கு இன்றுவரை நா எழாததற்கு அவர்தான் முதல் காரணம்.

கண்ணாடி அடைப்புக்குள் போன். வெளியே மேஜைமேல் மீட்டர். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தூரம் கூடினால் மீட்டர் வேகமாக ஓடும். ராத்திரி ஏற ஏறக் கட்டணம் குறையும். அதனால் பகல் முழுக்கச் சந்தைக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு ராத்திரி பெஞ்சில் வந்து உட்காருவார்கள். அந்தக் காத்திருப்பில்தான் முக்கால்வாசி வேலை நடந்தது. சுரண்டைப் பக்கத்திலிருந்து வரும் ஓர் ஆச்சிக்கு மகன் பம்பாயில். பெஞ்சில் உட்கார்ந்தபடி பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வருவாள். முதல் கணுவில் மருமகள் மாசமாக இருக்கிற நல்ல சேதி. இரண்டாவதில் கிணற்று மோட்டார் கடன். மூன்றாவதில் சித்தப்பன் வீட்டோடு நடந்த வரப்புத் தகராறு. நாலாவது கணுவுக்கு வரும்போது கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டுவிடுவாள். “அதைச் சொன்னா அவன் ராத்திரி தூங்க மாட்டான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் ஒருநாள். லைன் கிடைத்ததும் உள்ளே போய், கணு பிசகாமல் பேசிவிட்டு, ஒரு நிமிஷம் தாண்டாமல் வெளியே வந்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவள் தீர்மானித்ததைவிடக் கச்சிதமாக நான் பிற்பாடு அலுவலகத்தில் படித்த எந்தக் குறிப்பும் இருந்ததில்லை.

காசு ஓடுகிறது என்ற பயம்தான் அந்தக் கச்சிதத்தைக் கொடுத்தது என்று சொல்லலாம். பயம் மட்டும் போதாது. காத்திருக்கும் நேரமும் வேண்டியிருந்தது. பேச வேண்டும் என்ற எண்ணத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு கிடந்தது. இன்றைக்கு எண்ணம் வந்த நொடியில் கை போனுக்குப் போகிறது. பாதி எண்ணம் ஒரு செய்தியாகவும் மீதி எண்ணம் இன்னொரு செய்தியாகவும் போய்ச் சேருகின்றன. இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய், நாம் என்ன நினைக்கிறோம் என்று நமக்கே தெளிவதற்குள் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கிற இயந்திரம் வந்துவிட்டது. சொல்லத் தெரியாததைச் சொல்லித் தவிக்கும்போதுதான் என்ன சொல்ல வந்தோம் என்பதே ஆளுக்குப் புலப்படும். அந்தத் தவிப்பைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம் என்பது என் நிஜமான கவலை.

அண்ணாச்சிக்குச் செய்குத்தம்பிப் பாவலர்மேல் பெரும் பக்தி. நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடிக்காரர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டிச் சதாவதானி ஆனவர். “நூறு வேண்டாம்லே, ஒரு நாலு விஷயமாவது மனசுல நிக்கணும்லா” என்பார். அவருக்கு நாலு என்ன, நானூறு நின்றது. கோடு எண்கள் எல்லாம் வாய்ப்பாடு: மெட்ராஸ் 044, மதுரை 0452, திருச்சி 0431, நெல்லை 0462. வாடிக்கையாளர் வந்து பெயரைச் சொன்னால் போதும், விரல் சுழற்றத் தொடங்கிவிடும்.

அவருடைய எண்கள் வெறும் எண்களாக இருக்கவில்லை. நீளவாக்கில் ஒரு நோட்டு வைத்திருந்தார். எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருப்பார். ‘காது மந்தம், சத்தமாக.’ ‘மத்தியானம் தூங்குவார், மூணுக்கு மேல்.’ ‘மூத்த மகன் பேச்சை எடுக்க வேண்டாம்.’ ‘பி.பி. வீட்டம்மாவுக்குத் தனியா வணக்கம் சொல்லணும்.’ எண்ணை மறந்துபோனது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. அதைக் கருவி வைத்துக்கொள்ளட்டும். எண்ணோடு ஒட்டியிருந்த அந்தப் பென்சில் எழுத்துதான் எங்கே போயிற்று என்று கேட்கிறேன்.

2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் பெட்சி ஸ்பாரோவும் அவரோடு இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தட்டச்சு செய்யும் தகவல் கணினியில் அப்படியே இருக்கும் என்று நம்பியவர்களுக்கு அது குறைவாகவே நினைவில் நின்றது; அழிந்துவிடும் என்று எண்ணியவர்களுக்குக் கூடுதலாக நின்றது. அதைப் படித்தபோது எனக்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய எலினார் மகுவயரின் ஆய்வும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் அவர்களுக்கு உரிமம். அப்படிப் படித்தவர்களின் மூளையில், இடம் வழி நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததை 2000-இல் காட்டினார். பயிற்சியில் தேறியவர்களுக்கு அது வளர்ந்ததையும் தேறாதவர்களுக்கு வளராததையும் பின்னால் காட்டினார்கள். ஆக, புழங்கினால் வளரும். புழங்க அவசியமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. என் தெருவிலேயே பார்க்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. கடையநல்லூர், புளியங்குடி என்று எங்களைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறையப் பேர். மறுநாள் காலையில் பூத்து திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம். 00965 போட்டால் ஒன்றுமே கேட்காது. உம்மாக்களும் மனைவிமார்களும் போட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பேசாத அழைப்புக்கு மீட்டர் ஓடாது. அண்ணாச்சி கை வலிக்க வலிக்கப் போட்டார். போகாது என்று தெரிந்தே போட்டார். “நாம போடலேன்னா அவங்க வீட்டுக்குப் போய் என்ன செய்வாங்க?” என்று என்னிடம் கேட்டார்.

ஈராக் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த வருஷம் திரும்பினார்கள். அப்படி பம்பாயில் இறங்கிய ஒருவர் எங்கள் பூத்துக்கு அழைத்தார். எடுத்தவன் நான். சொந்த வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர், “தம்பி, பேனா இருக்கா? எழுதிக்கோங்க” என்றார். தன்னோடு கூடாரத்தில் இருந்து இன்னும் விமானம் ஏறாதவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர், ஊர், பி.பி. எண், எண் இல்லாதவர்களுக்கு வீட்டு அடையாளம்: பள்ளிவாசலுக்குப் பின்புறம், வேப்பமரத்து வீடு, தறிக்காரர் மகன். பெட்டியும் டைரியும் குவைத்திலேயே போய்விட்டன, எல்லாம் மனசிலிருந்துதான் சொல்கிறேன் என்றார். கூடாரத்தில் படுத்துக்கொண்டு ஒருவர் எண்ணை ஒருவர் சொல்லிச் சொல்லிப் பாடம் செய்தார்களாம், யார் முதலில் கரை சேர்ந்தாலும் எல்லார் வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று. என் கை நடுங்கி எழுத்து கோணிப் போயிற்று. அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கி, எண் இருந்த வீடுகளுக்கு வரிசையாகப் பேசினார். எண் இல்லாத வீடுகளுக்கு என்னைச் சைக்கிளில் அனுப்பினார். யாரிடமும் காசு வாங்கவில்லை.

நல்ல சேதியைக் கொண்டுபோக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவுச் சேதிக்குத்தான் அண்ணாச்சி எனக்குப் பாடம் எடுத்தார். முதல் தடவை என்னை அனுப்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். “தனியாப் போகாத. பக்கத்து வீட்டுல பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு உள்ள போ. அடுப்பு எரியுதான்னு பாரு, பிள்ளையைக் கையில வச்சிருக்காங்களான்னு பாரு. உக்காரச் சொல்லிட்டுப் பேசு. போயிட்டாங்கன்னு எடுத்த எடுப்புல சொல்லாத. ரொம்ப முடியலையாம், உடனே கிளம்பி வரச் சொன்னாங்கன்னு சொல்லு. அவங்களே புரிஞ்சுக்குவாங்க. புரிஞ்ச பிறகு ஓடி வந்திராத. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்லு, கையில காசு இருக்கான்னு கேளு, வீட்டைப் பூட்ட ஆள் இருக்கான்னு பாரு.” இருபத்தோரு வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய படிப்பு என்ன இருக்க முடியும்? எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அடுத்த சொல்லைத் தீர்மானிப்பது. இடையில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்ற அந்த அரைகுறைத் தொழில்நுட்பம் ஊரில் பல பேரைத் தூதர்களாக்கி வைத்திருந்தது. இன்றைய கருவி இடையிலுள்ள ஆளை எடுத்துவிட்டது. வேலை சுலபமாயிற்று, தூது போய்ப் பழகும் வாய்ப்பும் கூடவே போயிற்று.

அந்தக் காலத்தைத் தங்கமுலாம் பூசிச் சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணாடி அடைப்பு பேச்சை மறைக்காது. ரியாத்தில் இருக்கும் கணவனோடு பேச வரும் புதுப்பெண்ணுக்குப் பக்கத்தில் மாமியார் நிற்பாள். வெளியே பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். “நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா” என்பதோடு எத்தனையோ பெண்கள் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி உள்ளே போய், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றாள். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு இன்றைய போன் கிடைத்திருந்தால் அவள் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். பெண்களுக்குத் தனியாகப் பேசக் கிடைத்த இந்த வசதியைச் சமூகச் சீரழிவு என்று ஆண்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

குற்றாலம் ரோட்டில் வாய் பேசாத, காது கேளாத ஒரு தம்பதி இருந்தார்கள், நன்றாகத் தைப்பார்கள். மதுரையில் இருந்த மகளுக்குச் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அண்ணாச்சி படித்துச் சொல்வார். மகள் சொல்வதைத் தாளில் எழுதிக் காட்டுவார். மகள் அழுதால் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிடுவார். அந்த அம்மாவைப் போன வருஷம் பார்த்தேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, வீடியோ அழைப்பில் மகளோடு இரண்டு கையாலும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் நல்ல மனசால் முடியாததை அந்தக் கண்ணாடித் துண்டு முடித்துவிட்டது. இதைச் சொல்லாமல் தொழில்நுட்பத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.

1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமுக்கு இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பைப் பேசினார். 2003-இல் வரும் அழைப்புக்குக் காசில்லை என்றானது. பூத்தில் ஜெராக்ஸ் மிஷின் வந்தது, பிறகு ரீசார்ஜ் கார்டுகள் வந்தன, பிறகு ஷட்டர் இறங்கியது. நான் அதற்கு வெகு முன்பே வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சி 2014-இல் காலமானார்.

என் அக்காவின் பேத்தி சென்னையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனில் அவளால் முடியாதது இல்லை. ஆனால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டாள். வங்கியில் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். “பேசுனா தப்பாப் பேசிருவேனோன்னு இருக்கு தாத்தா, டைப் பண்ணா அழிச்சுக்கலாம்லா” என்றாள். அவள் மட்டுமில்லை, அவள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் என்றாள். கூச்சம் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் எங்களுக்குக் கூச்சப்பட்டு ஒதுங்க வழியில்லை. ஓடு என்றால் ஓட வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். இவளுக்குக் கதவைத் தட்டும் தேவையே வந்ததில்லை. பிள்ளைகளின் திறமை குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. திறமை கேட்கிற வேலையை நாம் கொடுக்கவில்லை.

சென்ற ஆடியில் ஒரு ராத்திரி அவளே என்னை அழைத்தாள். அறையில் கூடத் தங்கியிருக்கும் பெண்ணின் அப்பா ராஜபாளையத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் பெண்ணின் அண்ணன், தங்கையிடம் நேரே சொல்லப் பயந்து, இவளுக்குச் சொல்லியிருக்கிறான். “எப்படிச் சொல்றது தாத்தா?” என்றாள். அண்ணாச்சி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் இடைமறித்து, “அவ போன் இருக்கே தாத்தா” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. குடும்பக் குழுவில் யாராவது கண்ணீர் அஞ்சலி படத்தைப் போட்டுவிடுவார்கள். பெரியப்பா மகன் ஸ்டேட்டஸ் வைத்துவிடுவான். சேதி ஆளைவிட முன்னால் போய் நிற்கும்.

சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று தோழியின் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். வார்டனை எழுப்பினாள். அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம் என்று சொல்லி, தன் போனிலேயே இரண்டு டிக்கெட் எடுத்து, கூடவே பஸ் ஏறினாள். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டுவிட்டாள்: “அப்பா இருக்காரா, இல்லையா?” அண்ணாச்சி முறைப்படி என்றால் தெரியாது, போய்ப் பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். இவள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இல்லடி” என்றாள். பஸ் ஓட்டுநர் விவரம் தெரிந்து கால் மணி நேரம் கூடுதலாக வண்டியை நிறுத்தி வைத்திருந்தாராம். வண்டி கிளம்பிய பிறகு, இனி இது உன்கிட்டதான் இருக்கணும் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

ஏன் சொன்னாய் என்று அவள் திரும்பி வந்தபோது கேட்டேன். “அவ கேட்டுட்டா தாத்தா. கேட்டதுக்கப்புறம் மறைச்சா, அடுத்து நான் சொல்ற எதையும் நம்ப மாட்டா. இன்னும் எட்டு மணி நேரம் பஸ்ஸுல நான் மட்டும்தான அவளுக்கு” என்றாள். அண்ணாச்சியிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதையும் தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார். பத்து நாள் கழித்து அவள் வங்கிக்குத் தனியாகப் போய், தோழியின் அம்மாவுக்காக நாமினி விவரமெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாள்.